மஞ்சள் தண்ணி: முலாம் பூசின கதை

அப்பப்பாவின்ர மோட்டார் சைக்கிள் எங்கட வளவுக் கொட்டிலுக்க கனகாலமா சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. பி.எஸ்.ஏ பான்ரம். 1948இல் வெளிவரத் தொடங்கின சின்ன 123 சிசி வண்டி. அப்பப்பாவுக்குப் பிறகு பெரியப்பா வைத்திருந்தவர். போன வருசம் அவர் "எடுத்து ஓடுறதெண்டா ஓடு, இரும்புக்குப் போட விடமாட்டன்" எண்டு சொல்லித் திறப்பைத் தந்தார். திறப்பே துருப்பிடித்துத்தான் இருந்தது.

எஞ்சினை ஒரு பாஸ் பார்த்துக்கொள்வார். என்னுடைய வேலை நட்டும் போல்ற்றும். எல்லாம் துரு. யூடியூப்பில் பார்த்தால் உலகம் முழுக்க ஆட்கள் குசினியில் ஒரு வாளியும் பழைய போன் சார்ஜரும் வைத்து இதைச் செய்கிறார்கள்: மின்சாரத்தால் துருவைக் கழற்றி, பிறகு மின்சாரத்தாலேயே புது முலாம் பூசுவது. ஓ.எல் விஞ்ஞானத்தில் படித்த மின்பகுப்புத்தானே எண்டு நானும் தொடங்கினேன். வாளியில் தண்ணி, அதில் சலவைச் சோடா. துருப்பிடித்த பாகம் கதோட்டில். அனோட்டுக்கு இரும்பு தேடப் பஞ்சியில் குசினியில் கிடந்த எவர்சில்வர் தட்டொன்றை எடுத்துக் கொழுவினேன்.

துரு நல்லாத்தான் கழன்றது. ஆனால் பின்னேரம் பார்த்தால் தண்ணி மஞ்சள். துருவின்ர செம்மஞ்சள் இல்லை, நல்ல தெளிவான எலுமிச்சை மஞ்சள். கிணற்றடி வாழைக்கு ஊற்றுவம் எண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏ.எல் படிக்கிற தங்கச்சி வழியில் மறித்தாள்.

"அண்ணா, எவர்சில்வர்ல குரோமியம் எல்லோ இருக்கு. இது குரோமேற்று மஞ்சள் மாதிரிக் கிடக்கு. கிணத்தடியிலயோ ஊத்தப் போறீங்கள்?"

வாளியைக் கீழே வைத்தேன். அவள் சொன்னது சரி. காரக் கரைசலில் எவர்சில்வரை அனோட்டாக வைத்தால் அதிலுள்ள குரோமியம் அறுவலுக் குரோமியமாகக் கரைந்து வரலாம். புற்றுநோய் தரும் வகை அதுதான். எங்கட குடாநாட்டில் நிலத்துக்குக் கீழ் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. கிணற்றில் எண்ணெய் எண்டு சுன்னாகப் பக்கம் எழுந்த பிரச்சினையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. ஒரு பொருள் மினுங்குவதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அது யார்?

மின்சாரத்துக்கு முந்தி

முலாம் எங்களுக்குப் புதிய சொல் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் முந்தி ஊருக்குள் வருவார்களாம். பாத்திரத்தை நெருப்பில் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் இழுத்துத் தேய்த்தால் உட்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். அது அழகுக்கு மட்டும் செய்த வேலை இல்லை. ஈயம் பூசாத பித்தளையில் புளி சமைத்தால் செம்பு கரைந்து களிம்பாகும், வயிற்றுக்குக் கூடாது. அந்தப் பூச்சு சாப்பிடுகிறவரைக் காப்பாற்றியது.

பொன்முலாமின் கதை வேறு. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களியாக்கி, உலோகத்தில் பூசி, நெருப்புக் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போக, பொன் ஒட்டிக்கொள்ளும். பல நூற்றாண்டுகளாக உலகம் முழுக்க இதுதான் முறை. ஆவியான பாதரசம் நேரே போய்ச் சேர்ந்தது பூசுகிறவரின் நெஞ்சுக்குள். ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரத்தில், 40 வருடம் கட்டி 1858இல் திறந்த புனித ஐசாக் பேராலயத்தின் பொன் கூரை இந்த முறையில் செய்யப்பட்டதுதான். அந்த வேலையில் 60 தொழிலாளர்கள் வரை பாதரச ஆவியால் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. கூரை இன்றும் மினுங்குகிறது.

அதே பேராலயத்தில்தான் அடுத்த முறையும் கால் வைத்தது. அங்குள்ள சிற்பங்களில் பல வார்த்தவையும் இல்லை, செதுக்கினவையும் இல்லை. அச்சொன்றின் மேல் மின்சாரத்தால் செம்பைப் படியவிட்டு உருவாக்கினவை. அந்த முறையை 1838இல் அறிவித்தவர் அதே நகரத்தில் வேலைசெய்த மோரிற்ஸ் யாக்கோபி.

வீட்டில் தொடங்கின வேலை

இந்த மின்சாரம் எங்கே இருந்து வந்தது? 1800இல் இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்ற்றா உலகின் முதல் மின்கல அடுக்கை அறிவித்தார். ஐந்தே வருடத்தில், 1805இல், அவருடைய நண்பர் லூயிஜி புருக்னற்றெல்லி அந்த மின்சாரத்தால் வெள்ளிப் பதக்கங்களுக்குப் பொன் பூசிக் காட்டினார். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1830களில் மைக்கல் பரடே மின்பகுப்பு விதிகளைச் சொன்ன பிறகு கணக்கும் கைக்கு வந்தது. எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு உலோகம் படியும். ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ 1.2 கிராம் நாகம். அந்தக் கணக்கு என் வாளிக்கும் பொருந்தும்.

யாக்கோபியின் செய்தி பரவினதும் பிரித்தானியாவில் இது வீட்டுப் பொழுதுபோக்காக மாறிவிட்டது. நாணயம், முத்திரை, இலை எண்டு கையில் கிடைத்ததற்கெல்லாம் செம்பில் படி எடுத்தார்கள். இதற்கெண்டே கையேடுகள் வந்தன. அவற்றில் புகழ்பெற்ற ஒன்றை எழுதிய அல்பிரட் சிமீ ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். இன்று யூடியூப் பார்த்துக் குசினியில் முலாம் பூசுகிறவர்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இந்தத் தொழிற்சாலை வேலை தொடங்கினதே வீடுகளில்தான்.

ஏன், சிறைக்குள்ளும் நடந்திருக்கிறது. 1842இல் ஜேர்மனியின் மக்டபேர்க் கோட்டையில் ஒரு இளம் இராணுவ அதிகாரி அடைபட்டுக் கிடந்தார். இரண்டு அதிகாரிகள் மானப் பிரச்சினைக்காகப் போட்ட தனிச்சண்டையில் ஒருவருக்குத் துணையாக நின்றதுதான் குற்றம். அவர் சிறை அறைக்குள் இரசாயனங்களை எடுப்பித்து ஒரு சின்னக் கரண்டிக்குப் பொன் பூசிப் பார்த்தார். அது சரிவந்தது, காப்புரிமையும் எடுத்தார். மன்னிப்புக் கொடுத்து விடுதலை செய்தபோது, பரிசோதனை முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கவிடுங்கள் எண்டு கேட்டாராம். அவருடைய பெயர் வேர்னர் சீமென்ஸ். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர்தான். அடுத்த வருடம் அவருடைய தம்பி வில்ஹெல்ம் இங்கிலாந்துக்குப் போய் இந்த முறையை விற்றார். வாங்கினது பேர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்ரன் நிறுவனம்.

பேர்மிங்ஹாம்

அப்பப்பாவின்ர வண்டியின் பெயரில் வருகிற "பி" பேர்மிங்ஹாம்தான். பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ், அதாவது துவக்குச் செய்கிற கொம்பனி. அதனால்தான் அதன் சின்னத்தில் மூன்று துவக்குகள் ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மின்முலாம் தொழிலாக வளர்ந்ததும் இதே நகரத்தில்தான்.

அங்கே ஜோன் ரைற் எண்டு இன்னொரு சத்திரசிகிச்சை வைத்தியர். பொன்னும் வெள்ளியும் ஒட்டாமல் உரிந்துபோவதுதான் அதுவரை பெரிய தலையிடி. பொற்றாசியம் சயனைட்டுக் கரைசலில் பூசினால் வழவழப்பாக, இறுக்கமாக ஒட்டுது எண்டு அவர் கண்டுபிடித்தார். எல்கிங்ரன் குடும்பம் அதை வாங்கிச் சேர்த்து 1840இல் காப்புரிமை எடுத்தது. கவனியுங்கள்: பாதரசம் போய், அதன் இடத்துக்கு வந்தது சயனைட்டு. ஆவியாக வந்த நஞ்சு தொட்டிக்குள் இறங்கிவிட்டது. தொழிலாளிக்கு அது நல்லதுதான். ஆனால் தொட்டியை ஒரு நாள் எங்கேயாவது ஊற்றத்தானே வேணும்.

சில வருடங்களில் மின்கலங்கள் போதாமல் போய்விட்டன. 1844இல் ஜோன் வூல்றிச் எண்டவர் முலாம் பூசுவதற்கெண்டே காந்தத்தால் மின்சாரம் பிறப்பிக்கும் பெரிய இயந்திரமொன்றைச் செய்தார். வீதிக்கும் வீட்டுக்கும் மின்விளக்கு வரமுதலே தொழிற்சாலைக்கு மின்சாரம் வந்தது கரண்டிக்கு வெள்ளி பூசத்தான். பழைய பள்ளிக்கூடப் பரிசுக் கிண்ணம், தேத்தண்ணிக் கரண்டி எதாவது இருந்தால் திருப்பிப் பாருங்கள். "இ.பி.என்.எஸ்" எண்டு பொறித்திருந்தால் அது நிக்கல்-சில்வருக்கு மேல் மின்முலாமாக வெள்ளி. அந்த நிக்கல்-சில்வரில் ஒரு துளி வெள்ளியும் இல்லை. செம்பும் நிக்கலும் நாகமும்தான். பணக்கார வீட்டு மினுக்கம் நடுத்தர வீட்டு மேசைக்கு வந்தது இப்படித்தான்.

நிக்கலும் குரோமும்

1869இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஐசாக் அடம்ஸ் நல்ல நிக்கல் முலாமுக்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு வந்த சைக்கிள் மோகத்தில் ஹாண்டில் பாரெல்லாம் நிக்கல். சைக்கிள் செய்த கொம்பனிகளே மோட்டார் சைக்கிளும் செய்யத் தொடங்கியபோது நிக்கல் கூடவே வந்தது. 1916இல் ஒலிவர் வாற்ஸ் சொன்ன நிக்கல் சல்பேற்று, நிக்கல் குளோரைட்டு, போரிக் அமிலக் கலவைதான் இன்றைக்கும் நிக்கல் தொட்டிகளின் அடிப்படை.

நிக்கலுக்கு ஒரு குறை. அது காற்றில் மெல்ல மங்கும், கொஞ்சம் மஞ்சள் சாயும், ஒவ்வொரு கிழமையும் தேய்க்க வேணும். 1924இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கொலின் பிங்க் குரோம் முலாமைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். கரைசலில் குரோமிக் அமிலம் 100 பங்குக்குச் சல்பேற்று ஒரு பங்கு எண்ட அளவில் இருக்கவேணும் எண்டதுதான் இரகசியம். 1930 வாக்கில் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்கள் குரோமுக்கு மாறிவிட்டன. இதனால்தான் பழைய வண்டிகளைத் திருத்துகிறவர்கள் 1920களின் நடுப்பகுதி வண்டிக்குக் குரோம் பூசினால் சிரிப்பார்கள். அந்த வண்டிக்கு உரியது நிக்கலின் மங்கல் மஞ்சள்தான்.

எனக்குப் புதிதாக இருந்த விசயம் இதுதான். நாங்கள் குரோம் எண்டு சொல்கிற கண்ணாடி மினுக்கம் குரோமின்ர மட்டும் இல்லை. அடியில் செம்பு, அதற்கு மேல் 20, 30 மைக்குரோன் தடிப்பில் நிக்கல், மேலே ஒரு மைக்குரோன்கூட இல்லாத குரோம். எங்கட தலைமயிரே 70 மைக்குரோன் வரும். துருவை மறிப்பதும் ஆழமான பளபளப்பைத் தருவதும் நிக்கல். குரோம் அதை மங்கவிடாமல் பார்க்கும் நீலச்சாயலான காவல். 1950களின் தொடக்கத்தில் கொரியப் போரால் நிக்கல் தட்டுப்பாடு வந்தபோது, பிரித்தானிய வண்டிகளில் குரோமும் குறைந்து அந்த இடங்களுக்குப் பெயின்ற் வந்ததன் காரணம் இதுதான்.

மூக்கில் விழுந்த ஓட்டை

குரோம் தொட்டி மற்றத் தொட்டிகள் மாதிரி இல்லை. நிக்கல் பூசும்போது அனோட்டாக வைத்த நிக்கலே கரைந்து போய்ப் படியும். குரோம் தொட்டியில் அனோட்டு ஈயம். படிகிற குரோம் கரைசலில் உள்ள குரோமிக் அமிலத்திலிருந்து வருகிறது. அதிலும் போகிற மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் உலோகத்தைப் படியவைக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி ஐதரசன் குமிழாகப் பொங்கும். குமிழ் வெடிக்கும்போது அமிலம் நுண்ணிய பனியாக மேலே எழும். தொட்டிக்குக் குனிந்து நிற்கிறவர் அதைத்தான் சுவாசிப்பார்.

முதலில் கைகளில் ஆறாத குழிப் புண்கள். பிறகு மூக்கின் நடுச்சுவரில் நோவில்லாமலே ஓட்டை விழும். குரோம் முலாம் பரவி இரண்டு மூன்று வருடத்துக்குள்ளேயே, 1931இல், பிரித்தானியா அதற்கென்று தனிச் சட்டவிதிகள் போடவேண்டி வந்தது: தொட்டிக்கு மேல் எழும் பனியை இழுக்கும் காற்றுக்குழாய், தொழிலாளருக்கு ஒழுங்கான வைத்தியப் பரிசோதனை. நுரையீரல் புற்றுநோய்க் கணக்கு பிறகுதான் தெரிந்தது. 1990இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறுவலுக் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் தருவது நிச்சயம் எண்ட முதலாம் வகுப்பில் போட்டது. 2017இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோமிக் அமிலம் பாவிக்கத் தனி அனுமதி வேணும்.

சட்டம் இறுகினால் வேலை இல்லாமல் போகாது. சட்டம் இளகின இடத்துக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் ராணிப்பேட்டைக்குப் போனால் அதைப் பார்க்கலாம். அங்கே குரோமேற்று உப்புகள் செய்த ஆலையொன்று 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவுமேடு ஒரு இலட்சம் தொன்னுக்கு மேல். ஆலை மூடிப் பல வருடங்களுக்குப் பிறகும் பக்கத்து நிலத்தடி நீர் மஞ்சள். 2006இல் வெளிவந்த, உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. என் வாளி சின்னதுதான். நிறம் ஒன்றுதான்.

திரும்பவும் வீட்டுக்கு

அப்ப வீட்டில் முலாமே பூசக்கூடாதா? அப்படியில்லை. எதைப் பூசுகிறோம் எண்டதுதான் கேள்வி.

பான்ரம் காலத்து நட்டு, போல்ற்றுகளுக்குக் கொம்பனிகள் பூசினது பெரும்பாலும் கட்மியம். அதுவும் நஞ்சு. அதற்குக் கிட்டத்தட்ட அதே சாம்பல் நிறம் தருவது நாகம். பாவம் இந்த நாகம், மினுக்கத்தில் கடைசி, வேலையில் முதல். குரோமில் ஒரு கீறல் விழுந்தால் அடியில் இரும்பு துருப்பிடிக்கும். நாகத்தில் கீறல் விழுந்தால் இரும்புக்குப் பதிலாக நாகம் தான் கரைந்து தன்னைக் கொடுக்கும்.

கரைசலுக்கு வினாகிரி, எப்சம் உப்பு. நாகத்துக்கு? பெரியப்பா ரோச் லைற்றின் பழைய பற்றறியைக் காட்டினார். சாதாரண நாகம்-கரிப் பற்றறியின் உறையே நாகத் தகடுதான். கார வகைப் பற்றறியை மட்டும் திறக்கக்கூடாது, உள்ளே இருப்பது சருமத்தை எரிக்கும். கையில் ஒன்றை உருட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "தடை இருந்த காலம் இதில ஒரு சோடி கிடைக்க எங்க எங்க அலைஞ்சனாங்கள் தெரியுமே? செத்த பற்றறியை வெயில்ல காய வைச்சு, உப்புத் தண்ணி விட்டு, செய்தி கேக்குறது. நீ உறையை வெட்டி எறியுறாய்."

"எறியேல்ல பெரியப்பா, போல்ற்றுக்குப் பூசுறன்."

"அப்ப சரி."

இரண்டாம் முறை துருக் கழற்ற அனோட்டுக்குக் கட்டிட வேலைக்குப் பாவிக்கிற சாதாரண இரும்புக் கம்பி வைத்தேன். தண்ணி கபில நிறம், வெறும் துரு. பிறகு ஒவ்வொரு போல்ற்றையும் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கையால் தொடாமல் கரைசலில் இறக்கினேன். அரை அம்பியர், ஒரு மணித்தியாலம். பரடேயின் கணக்குப்படி அரைக் கிராமுக்குக் கொஞ்சம் கூட. முதல் நாலைந்தும் கறுத்து, தூளாக உதிர்ந்தன, மின்சாரம் கூடிப்போச்சு. குறைத்தபோது சாம்பல் வெள்ளையாகப் படிந்தது. தூரிகைக்கு உரியவில்லை.

செய்யப் போகிறவர்களுக்கு மூன்று விசயம். குமிழாக வருவது ஐதரசன், அதனால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், கிட்ட நெருப்பு வேண்டாம். பிரேக், அச்சு, சுருள்வில் மாதிரி உயிர் தங்கியிருக்கிற கடின உருக்குப் பாகங்களுக்கு வீட்டில் முலாம் பூசாதீர்கள். ஐதரசன் உருக்குக்குள் புகுந்து, பார்க்க நல்லாயிருக்கிற பாகத்தை ஓட்டத்தில் சடக்கெண்டு முறியவைக்கும். பழைய குரோமை அமிலத்தாலோ மின்சாரத்தாலோ கழற்றவே வேண்டாம். நாகக் கரைசலையும் நான் ஊற்றவில்லை, மூடிவைத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறேன்.

ஹாண்டில் பார் அப்படியே இருக்கிறது. குரோம் பல இடத்தில் பொரிந்து, அப்பப்பா பிடித்த இடத்தில் தேய்ந்து நிக்கலின் மஞ்சள் தெரிகிறது. கொழும்பில் குடுத்துப் புதிதாக்கலாம் எண்டு பாஸ் சொன்னார். அங்கே தொட்டிக்கு மேல் காற்றுக்குழாய் இருக்கா, கழிவுத் தண்ணி எங்கே போகுது எண்டு நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு குடுக்கலாம் எண்டு விட்டிருக்கிறேன்.

அந்த மஞ்சள் தண்ணியை வாளியோடு வெயிலுக்குப் படாமல் மூடிவைத்துப் பிறகு ஒரு தடித்த பிளாஸ்ரிக் போத்திலுக்கு மாற்றினோம். தங்கச்சி அதில் சிவப்புப் பேனையால் "நஞ்சு, ஊத்தாதே" எண்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். இதை எங்கே குடுப்பது எண்டு இரண்டு அலுவலகத்தில் கேட்டாச்சு. முதலாவது இடம் இரண்டாவதைக் காட்டினது, இரண்டாவது முதலாவதைக் காட்டினது.

வண்டி ஓடுது. போத்தில் இன்னும் கொட்டிலுக்க மேல் தட்டில இருக்கு.